இடப்பக்கம் கேட்ட அரை மூச்சு

பாய்,

போன வாரம் செம்பூரில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தேன். அங்கே டெஸ்ட் எடுக்கிற பெண் என் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டெலும்பில் ஒரு பொத்தானை வைத்து அழுத்தினாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். "அங்கிள், இது லேட்டஸ்ட். சவுண்ட் காது வழியா போகாது, எலும்பு வழியா போகும்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்பதுகளில் தாராவியில் ஒரு தையல் மிஷின் மெக்கானிக் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு எனக்கு இதைக் காட்டினார் என்று சொன்னால் நம்புவாளா? கிழவருக்குக் காதோடு சேர்த்து மற்றதும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள். அவள் சுவிட்சைப் போட்டாள், பொத்தான் அதிர்ந்தது. அந்த ஏசி அறையில் எனக்கு மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது, சத்தியமாக.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீர் போய் மூன்று வருஷம் ஆகிறது. நடந்ததெல்லாம் உமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்துக் கதையை நான் உம்மிடம் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. டீ குடிக்கவும் உம்முடைய கிண்டலுக்குப் பதில் சொல்லவுமே நேரம் சரியாக இருந்தது.

எனக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கி வேப்பிலையோடு கிடந்தேன். வீக்கம் வடிந்தபோது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலி இல்லை, சீழ் இல்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு காது நன்றாக இருக்கிறவனைப் பார்த்து யாரும் இரக்கப்பட மாட்டார்கள். அவனும் வெளியே சொல்ல மாட்டான். பம்பாய்க்கு வந்த பிறகு லோக்கல் ரயிலில் எனக்கு இடப்பக்கம் ஜன்னல் வருகிற மாதிரிதான் உட்காருவேன். கல்யாணப் பந்தியில் வரிசையின் இடது கோடிக்குப் போய்விடுவேன். கல்யாணமான புதிதில் மனைவியை வலப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் அது எங்கள் குடும்ப வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, தன் தங்கைகளிடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

மாட்டுங்கா பக்கம் ஒரு பட்டறையில் நான் ஃபிட்டர். அங்கே நான் ஒரு டோக்கன் நம்பர், வேறொன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கபடி மைதானத்தில் இறங்கினால் நான் வேறு ஆள். முழங்கால் போன பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு அம்பயர் ஆனவன் நான். அந்த விசிலை ஒரு தடவை ஊதினால் பதினாலு பேர் நின்ற இடத்தில் நிற்பார்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. அதற்காகத்தான் திங்கள் முதல் சனி வரை பொறுத்துக்கொண்டிருந்தேன்.

கபடி அம்பயருக்குக் கண் மட்டும் இருந்தால் போதாது. பாடிப் போகிறவன் "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் விடாமல் பாட வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் அவன் அவுட். அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். நான் நடுக்கோட்டின் முனையில் மைதானத்தைப் பார்த்து நின்றால், ஒரு அணியின் பாதி எனக்கு வலப்பக்கம், மற்ற அணியின் பாதி இடப்பக்கம். வலப்பக்கம் போய்ப் பாடுகிறவனின் எச்சில் விழுங்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். இடப்பக்கம் போனால், அதுவும் கூட்டம் கத்தும்போது, ஊமைப் படம்தான். அங்கே உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் அப்படியே ஓட்டினேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அப்புறம்தான் நீர் வந்து வாய்த்தீர்.

வடாலா மைதானத்தில் கால் இறுதி. தாராவி அணிக்கு நீர் கேப்டன். இடப்பக்கம் பாடிப் போனீர். நான் வழக்கம்போல் உம் உதட்டைப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது. ஊதிவிட்டேன். நீர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத முழிப்புதான் இருந்தது. அந்த ஒரு புள்ளியில் உங்கள் அணி தோற்றது.

பம்பாய் முழுக்க உதட்டை அசைக்காமல் பாடுகிற ஆட்டக்காரர் நீர் ஒருத்தர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மிஷினைப் பிரிக்கும்போது சின்னச் சின்னத் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அவை விழாமல் வாடிக்கையாளரிடம் பேரம் பேசுகிற தொழில் உம்முடையது. பத்து வருஷத்துப் பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது. தொண்டையிலிருந்து கணீரென்று பாட்டு வரும். உதடு மட்டும் இறுக்கிக் கட்டிய சுருக்குப் பை. காது இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் பாட்டு கேட்டது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

நான் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டேன் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. டோர்னமென்ட் செக்ரட்டரி ஒரு மராத்திக்காரர், கறாரான மனுஷர். விசாரித்து முடிக்கும் வரை வீட்டில் இரு என்று சொல்லி விசிலை வாங்கி வைத்துக்கொண்டார். காது விஷயத்தைச் சொன்னால் விசில் ஒரேயடியாகப் போய்விடும். சொல்லாவிட்டால் திருடன் என்ற பெயர் நின்றுவிடும். எதைத் தொலைப்பது என்று தெரியாமல் பதினைந்து நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

அப்போதுதான் ஒருநாள், தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அந்த டீக்கடை. எனக்கு வலப்பக்கம் ஒரு பாத்திரப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுக்கு டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் திரும்பினேன். இடப்பக்கம் நீர் நின்றுகொண்டிருந்தீர், கழுத்து நரம்பு புடைத்து, கை முஷ்டி மடக்கி. என்னைத் திட்டி முடித்துக் களைத்துப் போயிருந்தீர். என்னென்ன ஏசினீர் என்று பிற்பாடு கேட்டபோது, ஒரு பாடு வசவு வீணாகப் போச்சு என்று வருத்தப்பட்டீரே தவிர ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

உம் முஷ்டி மெதுவாகத் தளர்ந்தது. பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தீர். தணிந்த குரலில் கேட்டீர்.

"ஏன்வே, அந்தப் பக்கம் உமக்குக் கேக்காதோ?"

இருபத்தைந்து வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீர்தான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை அதுபாட்டுக்கு ஆமாம் என்று ஆடிவிட்டது.

"அப்ப நீரு திருடன் இல்ல. செவிடன்."

"அரைச் செவிடன்" என்றேன்.

நீர் சிரிக்க ஆரம்பித்தீர். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. உம்மை அடிக்கத்தான் வந்தேன், இனி யாரைப் போய் அடிக்க என்று அங்கலாய்த்துவிட்டு, எனக்கு இன்னொரு டீ சொன்னீர். யாரிடமும் சொல்லாதீர் என்று கெஞ்சினேன். சொல்ல மாட்டேன், எழுந்து என் பின்னால் வாரும் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்.

தோல் பை தைக்கிற பட்டறை அது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் எட்டு மிஷின் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றில் ஏதோ கோளாறு. எது என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். நீர் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நீளமான ஒரு திருப்புளியை எடுத்து, முனையை ஒரு மிஷினின் உடம்பில் வைத்து, கைப்பிடியை உம் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினீர். அடுத்த மிஷின். அதற்கு அடுத்தது. ஐந்தாவதில் நின்று, தண்டு சுழல்கிற புஷ் தேய்ந்துவிட்டது என்றீர். எட்டு மிஷின் ஓடுகிற இடத்தில் ஒரே ஒரு மிஷினின் சத்தத்தைத் தனியாகக் கேட்க அதுதான் வழி என்று, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல் சொன்னீர்.

அப்புறம் அந்தக் கைப்பிடியை என் இடது காதுக்குப் பின்னால் வைத்தீர். அந்தக் காது செத்துப்போனது, அங்கே ஏன் வைக்கிறீர் என்று எரிச்சலோடு கேட்டேன்.

"காதுலயா வச்சேன்? எலும்புலல்லா வச்சிருக்கேன். பேசாம நில்லும்."

தடதடதட என்று தலைக்குள் மிஷின் ஓடியது. ஊசி இறங்குவது, நூல் இழுபடுவது, புஷ் ஆடுவது எல்லாம் கேட்டது. வலது காதில் கேட்கிறதோ என்று சந்தேகப்பட்டு அதில் விரலை விட்டு இறுக்கி அடைத்துக்கொண்டேன். சத்தம் குறையவில்லை, இன்னும் கூடியது. நல்ல காதை அடைத்த பிறகும் கூடுகிறதென்றால் அது இடது காதில்தானே கேட்க வேண்டும்? நீரும் அதையேதான் சொன்னீர். காது சாகவில்லை, வாசலில் ஏதோ அடைப்பு, உள்ளே உயிர் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர். நான் அங்கேயே தோல் குவியல் மேல் உட்கார்ந்து அழுதேன். பட்டறைக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நாம் அன்றைக்கு அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீர் மாஹிம் அல்வா வாங்கி வந்து பட்டறை முழுக்கக் கொடுத்தீர், தர்காவுக்குப் போர்வை போட்டீர். என் வீட்டில் விஷயத்தை முதல் தடவையாகச் சொன்னேன். என் மனைவி செத்த காது பிழைத்ததற்கு மாட்டுங்கா கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டு, அன்று சாயந்திரமே முதல் பதினொன்றை உடைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் செவி சோதிக்கிற ஒரு மராத்தி அம்மா எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் கலைத்தார். இரண்டு முள்ளு வைத்த இரும்புக் கவையைத் தட்டி என் நெற்றியில் வைத்தார், அங்கே வைத்தார், இங்கே வைத்தார், கடைசியில் ஒரு கட்டத்தாளில் கோடு போட்டுக் காட்டினார். இடது காது முழுக்கச் செத்ததுதான். திருப்புளியின் சத்தம் மண்டையோடு முழுக்க ஓடி வலது காதின் உள்ளே போய்க் கேட்டிருக்கிறது. விரலால் அடைத்தால் எலும்பு வழி வரும் சத்தம் அடைத்த காதில்தான் கூடும், அது எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். ஒரு காது நன்றாக இருக்கிறது, அது போதாதா என்று ஹிந்தியில் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எல்லா டாக்டர்களும் அதையேதான் சொல்வார்கள். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தோன்றவில்லை.

என்கூட வந்திருந்த நீர் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றீர். ஒட்டி ஒட்டி வீடு இருக்கிற சாலில் அடுத்த வீட்டுக்காரன் சுவரில் ஆணி அடித்தால் நம் வீட்டில் கேட்கிற மாதிரியா என்று கேட்டீர். அதேதான் என்றார் அந்த அம்மா. உம் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப போவட்டும்வே. எந்தக் காதுல விழுந்தா என்ன? இந்தப் பக்கத்துப் பாட்டு உள்ள போவணும், அவ்வளவுதான நமக்கு வேணும்?"

பாய், அந்த வார்த்தைக்காகவே உம்மை இன்னும் நூறு வருஷம் கொண்டாடலாம். பிழைத்தது காது இல்லை என்று தெரிந்த அதே நிமிஷத்தில், காது பிழைக்கத் தேவையே இல்லை என்று கண்டுபிடித்தவர் நீர்.

காதுத் துளை அடைபட்டவர்களுக்கு எலும்பில் வைக்கிற கருவி ஒன்று இருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை என்றார் அந்த அம்மா. கொடுத்தால் என்ன ஆகும் என்று விடாமல் கேட்டீர். சத்தம் வரும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது, எல்லாம் ஒரே காதில் விழும், அது பெரிய தொல்லை என்றார். நீர் துள்ளிக் குதித்துவிட்டீர். கபடியில் பாடுகிறவன் ஒருத்தன்தான், அவன் எங்கே நிற்கிறான் என்று கண் பார்த்துக்கொள்ளும், பாட்டு நின்றதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று அந்த அம்மாவுக்கு உம்முடைய தாராவி ஹிந்தியில் கால் மணி நேரம் கபடி விளக்கினீர். வெளியே நோயாளிகள் வரிசை கட்டிவிட்டார்கள். தப்பித்தால் போதும் என்றோ என்னவோ, அதிரும் பொத்தான் ஒன்றை ஒரு கடையில் சொல்லி வரவழைத்துக் கொடுத்தார்.

மைக் வைத்து, சத்தத்தைக் கூட்டுகிற, சட்டைப் பையில் வைக்கிற பெட்டி பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் கிடைத்தது. அதிலிருந்து ஒரு ஒயர் பொத்தானுக்கு, பொத்தானை எலும்போடு அழுத்திப் பிடிக்கத் தலையைச் சுற்றி ஒரு எஃகு வளையம். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் மண்டை பிளந்தது. வளையத்தைத் தளர்த்தினால் சத்தம் வரவில்லை, இறுக்கினால் உயிர் போனது. தையல் மிஷினில் துணியை அழுத்துகிற காலுக்கு எவ்வளவு அழுத்தம் வைப்பது என்று தெரிந்தவருக்கு இது எம்மாத்திரம்? கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, உள்பக்கம் பைக்கு வைக்கும் மெத்துத் தோலைத் தைத்து, என் தலைக்கென்றே ஒரு அளவுக்குக் கொண்டுவந்தீர். பெட்டி நெஞ்சில் இருந்தால் சட்டை உரசுகிற சத்தம் மட்டுமே கேட்டது. இடது தோளில் ஒரு பட்டி தைத்துப் பெட்டியை அதில் நிறுத்தி, மைக் மைதானத்தைப் பார்க்க வைத்தீர். என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி அலங்காரம் பண்ணிக்கொள்ளவில்லை என்றாள்.

ஒரு மாதம் பழகினோம். உம் அணிப் பையன்கள் ஆறு பேர் எனக்கு வலப்பக்கம் நின்று கத்துவார்கள். நீர் இடப்பக்கம் பாடுவீர், நினைத்த இடத்தில் நிறுத்துவீர். நான் உம்மைப் பார்க்காமல் நின்று, பாட்டு நின்றதும் கையைத் தூக்க வேண்டும். முதல் வாரம் நான் தூக்கியதெல்லாம் குருட்டாம்போக்குதான். எல்லாச் சத்தமும் ஒரே காதில் வந்து கொட்டி என்னைப் பைத்தியமாக்கியது. மூன்றாவது வாரம் ஒருநாள், அந்தக் கூச்சலுக்கு நடுவே உம் பாட்டு மட்டும் தனியாக ஒரு நூல்போல வந்தது. அது அறுந்ததும் என் கை தானாகப் போனது. அதற்குப் பிறகு தப்பவில்லை.

செக்ரட்டரியின் விசாரணைக் கூட்டத்துக்குப் போனபோது என் வாயால் நானே சொன்னேன், என் இடது காது செத்தது, அன்றைக்கு நான் ஊதியது தப்பு என்று. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நீர் எழுந்து, அன்றைக்குத் தோற்றவன் நான், எனக்கே மனக்குறை இல்லை, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்டீர். செக்ரட்டரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் கிரிக்கெட் கமென்ட்ரி வருமா என்றார். அப்புறம் எல்லாரையும் என் வலப்பக்கம் கை தட்டிக் கத்தச் சொல்லிவிட்டு, தானே இடப்பக்கம் நின்று தொந்தி குலுங்கப் பாடினார். மூன்று தடவை தந்திரமாக நிறுத்தினார். மூன்று தடவையும் கையைத் தூக்கினேன். மேஜை இழுப்பறையைத் திறந்து விசிலை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் அதே டோர்னமென்டின் இறுதி ஆட்டம். உங்கள் அணியும், பரேலிலிருந்து வந்த மில் தொழிலாளிகள் அணியும். மில்கள் மூடிக்கிடந்த காலம், அந்தப் பையன்களுக்கு ஆட்டத்தைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை, வெறியோடு ஆடினார்கள். நான் அம்பயர் என்றதும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தாராவி கேப்டனும் இவரும் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள் என்றார்கள். அதில் தப்பில்லை, உண்மைதான். எதிர் ஓரத்தில் இரண்டாவது அம்பயராக அவர்கள் சொல்கிற ஆளை நிறுத்தி ஒருவழியாகச் சமாதானம் ஆனது. நான் வளையமும் ஒயருமாக இறங்கியதும் கூட்டத்திலிருந்து "ஏ ரேடியோ, ஸ்கோர் க்யா ஹுவா?" என்று ஒரு குரல். நான் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கிறேனாம், ஸ்கோர் என்ன ஆச்சாம். மைதானமே சிரித்தது.

முதல் பாதியில் நீர் எனக்கு வலப்பக்கம் பாடினீர். இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. கடைசி நிமிஷம், உங்கள் அணி ஒரு புள்ளி பின்னால். நீர் பாடிப் போனீர், இடப்பக்கம். ஒருத்தனைத் தொட்டீர், பாய்ந்து இன்னொருத்தனையும் தொட்டீர். திரும்பி வந்தால் கோப்பை உங்களுக்கு. நடுக்கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது உம் கணுக்காலை ஒருத்தன் பிடித்தான். மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்களை இழுத்துக்கொண்டே மண்ணில் ஊர்ந்தீர். உதடு எப்போதும்போல மூடியிருந்தது. கூட்டம் எழுந்து நின்று அலறியது. அந்த அலறலுக்கு அடியில் என் எலும்பில் நீர் பாடிக்கொண்டிருந்தீர். கபடி, கபடி, கபடி, கப.

அங்கே நின்றது. பாதி மூச்சு. உம் விரல் கோட்டைத் தொட்டது அதற்குப் பிறகுதான்.

நான் ஊதிவிட்டேன். அந்தச் சத்தத்தில் என் விசில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. உம் பையன்கள் உள்ளே ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றேன். யாருக்கு எதிராக ஊதினேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை இறக்கிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. இறக்கத் தோன்றவில்லை பாய், அதை நான் மறைக்காமல் சொல்கிறேன். ஆறு வருஷம் ஊகத்தில் ஊதியவன் நான். அன்றைக்கு இடப்பக்கத்தில் ஒன்றைக் காதால் கேட்டு ஊதியிருந்தேன்.

கை கண்ணில் பட்டதும் மைதானம் கொதித்தது. மிஷின் கெட்டுவிட்டது, பாட்டரி தீர்ந்துவிட்டது, இவன் பழைய திருடன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதிர் ஓரத்து அம்பயர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார். செக்ரட்டரி வந்து நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். உம் பையன்கள் என்னைச் சுற்றிவிட்டார்கள். ஒருத்தன் என் சட்டையைப் பிடித்தான், வளையம் நழுவிக் கழுத்துக்கு வந்தது.

நீர் அப்போதுதான் எழுந்து வந்தீர். வாயெல்லாம் மண். பாட்டு நிற்கவில்லை என்று நீர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோப்பை உங்கள் கையில் இருக்கும், என் விசில் அன்றோடு முடிந்திருக்கும். உமக்கும் அது தெரியும். என் கழுத்திலிருந்த வளையத்தை எடுத்துத் தலையில் சரியாக மாட்டிவிட்டீர். மண்ணைத் துப்பினீர்.

"சட்டையை விடுல. நான் மூச்சு விட்டுட்டேன். அவருக்குக் கேட்டுட்டு."

பையன் கையை எடுத்துவிட்டான். நீர் என் பக்கம் திரும்பினீர். உம் கண்ணில் என்னவோ ஒரு சந்தேகம் இருந்தது.

"நெசமாவே கேட்டுதா, இல்ல குத்துமதிப்பா ஊதினீரா?"

"'கப' வந்துது. 'டி' வரல" என்றேன்.

நீர் போட்ட கூச்சலில் கோப்பை வாங்கப்போன பரேல் பையன்களே திரும்பிப் பார்த்தார்கள். என்னைத் தோளில் தூக்கிவிட்டீர். கோப்பையைத் தோற்ற கேப்டன், தன்னை அவுட் கொடுத்த அம்பயரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார். கேட்டுட்டாருல, கேட்டுட்டாருல என்று ஒவ்வொருத்தனிடமும் போய்ச் சொல்கிறீர். எனக்கு மேலே உட்கார்ந்துகொண்டு விழாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஊதினேன். பெட்டி மூன்று தடவை மாறியது, வளையத்துக்கு நீர் எத்தனை தடவை தோல் மாற்றினீர் என்று கணக்கில்லை. ரேடியோ அம்பயர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிற்பாடு இறுதி ஆட்டம் என்றால் இரண்டு அணியும் ரேடியோவைக் கூப்பிடுங்கள் என்று கேட்கிற நிலைமை வந்தது. ஒரு காது போன நாலைந்து பேரை நீரே தேடிப் பிடித்து அந்த மராத்தி அம்மாவிடம் கூட்டிப்போனீர். அவரும் ஒரு காது போதாதா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

உம்மை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உம் மகன் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று கேட்டான். அந்த இறுதி ஆட்டத்தில் வாப்பா வேண்டுமென்றே மூச்சு விட்டார், உங்கள் பெயரைக் காப்பாற்றக் கோப்பையை விட்டுக்கொடுத்தார் என்று தாராவியில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள், உண்மையா மாமா என்றான். அவனுக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு வந்ததே கோபம். துக்க வீடு என்றும் பார்க்காமல் அவனைச் சத்தம் போட்டேன். அந்தப் பேச்சை நான் ஏற்றுக்கொண்டால் உமக்குத் தியாகி என்ற பெயர் கிடைக்கலாம். ஆனால் நீர் ஒப்புக்கு ஆடியவர் ஆகிவிடுவீர், நான் மறுபடியும் ஒன்றும் கேட்காதவன் ஆகிவிடுவேன். உம் பாட்டு என் எலும்புக்குள் ஓடியது, பாய். ஜெயிக்கத் துடிக்கிறவனின் மூச்சு அது, கடைசிச் சொட்டு வரைக்கும். நான் இன்றைக்கும் வைத்திருப்பது அதைத்தான். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன்.

"இல்ல தம்பி. உங்க வாப்பா விட்டுக்கொடுக்கல. ஜெயிக்கத்தான் பாடினாரு, மூச்சு முடிஞ்சுபோச்சு. நான் கேட்டேன்."